சம்பந்திகளின் நாடிப் போர்

ஒற்றுப்பிழைகளின் கூற்றுவர், முப்பது ஆண்டுகள் அச்சகத்து மஞ்சள் விளக்கடியில் வீற்றிருந்து, லகரத்தின் இருக்கையில் திருட்டுத்தனமாக ஏறி அமர்ந்த ளகரங்களைச் சிவப்பு மையென்னும் வேலால் குத்திக் குத்தி வெளியேற்றிய வீரர், தொந்தியென்னும் பெருமுரசைத் தமக்கு முன்னே நடக்கவிட்டுத் தாம் அதன் பின்னே நடந்துவரும் தகைமையாளர், நான்காம் மாடிக் கோட்டையின் நாயகர், பிழைதிருத்தியார் வாழ்க! அவர் அமர்ந்தமர்ந்து பள்ளமாக்கிய நாற்காலி வாழ்க! அறுபத்து நான்கு ஆண்டுகளாக ஒருநாளும் விடுப்புக் கேளாமல் அவருடைய விலாக்கூட்டுக்குள் உழைத்தும், ஒருவராலும் எண்ணிப் பார்க்கப்படாமலே கிடந்த அவருடைய இதயம் வாழ்க! அவ்விதயம் எண்ணப்பட்ட கதையையும், எண்ணியதனால் விளைந்த பெரும்பகையையும், பகை முடிந்த விதத்தையும் இனி உரைப்போம். கேட்பவர்கள் அருள்கூர்ந்து தத்தம் மணிக்கட்டைப் பிடித்துப் பார்க்காமல் கேட்பார்களாக.

இப்போருக்கு மூலம் மண்ணுமன்று, பொன்னுமன்று. இரண்டரை வயதே நிரம்பிய ஒரு பேத்தி. இரண்டு வாரம் கழித்து வரும் திங்கட்கிழமை முதல் அவள் மழலைப் பள்ளிக்குச் செல்லவிருந்தாள். அந்தப் பள்ளியோ நண்பகலில் பிள்ளைகளை வெளியே விட்டுவிடும். பிழைதிருத்தியாரின் மகன் வெளியூரில் வேலை பார்ப்பவன், மாதம் ஒருமுறை மட்டும் வருபவன். மருமகள் பிசியோதெரபிஸ்ட், ஊராரின் முழங்கால்களையும் தோள்பட்டைகளையும் சீர்செய்துவிட்டு மாலையில்தான் வீடு திரும்புவாள். பிழைதிருத்தியாரின் மனைவிக்கோ மூட்டுவலி. ஆகவே நண்பகல் வேளையில் குழந்தையைக் கூட்டி வருவது யார் என்னும் கேள்வி, கூடத்தின் நடுவே உருவிய வாளைப்போல் கிடந்தது. அந்தக் கட்டடத்தில் லிஃப்ட் இல்லை. குழந்தையோ மாடிப்படியின் அடியில் வந்து நின்றவுடன், உலகாளும் பேரரசியின் ஆணையைப்போல், இரு கைகளையும் மேலே நீட்டி, "தூக்கு" என்னும் ஒற்றைச் சொல்லை மொழிபவள். அதற்கு மேல் ஒரு படியும் வையாதவள்.

இந்தப் பெரும்பேற்றுக்கு உரிமை கோரி எதிரணியில் எழுந்தவர் மருமகளின் தந்தை, ஓய்வுபெற்ற சர்வேயர், காட்டையும் மேட்டையும் கல்லையும் முள்ளையும் காலால் அளந்தவர், கரும்பாறையைச் செதுக்கியது போன்ற கெண்டைக்கால்களை உடையவர், மனைவியை இழந்தபின் இரண்டு தெரு தள்ளித் தனியே வாழ்பவர். நாள்தோறும் மாலையில் அவர் நான்கு மாடிகளையும் ஏறி வந்து, கதவு திறந்ததும் காலணியைக் கழற்றுமுன்னரே, "பாத்தீங்களா சம்பந்தி, மூச்சே வாங்கல" என்று முழங்குவார். அந்த முழக்கத்தைக் கேட்குந்தோறும் நாற்காலியில் சாய்ந்திருக்கும் பிழைதிருத்தியாரின் உள்ளத்தில், அச்சேறிய பிறகு கண்ணில் பட்ட பிழையைப் போன்றதொரு முள் தைக்கும்.

"என் பேத்தி, நான் போறேன். இதுல பேச என்ன இருக்கு?" என்று பிழைதிருத்தியார் முதல் அம்பைத் தொடுத்தார்.

"எனக்கும் பேத்திதான் சம்பந்தி" என்று சர்வேயர் பெருமான் அந்த அம்பைப் பாதிவழியிலேயே முறித்தார். "நீங்க உக்காந்தே வேலை பாத்தவரு. பச்சைப்புள்ளயத் தூக்கிட்டு நாலு மாடி ஏறி, நடுப்படியில தலை சுத்திச்சுன்னா என்ன பண்றது? இது நெலம் அளக்குற சங்கிலிய இழுத்துக்கிட்டு காடு மேடெல்லாம் நடந்த உடம்பு. எங்கிட்ட விட்டுடுங்க."

உக்காந்தே வேலை பாத்தவரு! அந்தச் சொல், ஆறிப்போன காபியைவிடக் கசப்பாய்ப் பிழைதிருத்தியாரின் தொண்டையில் இறங்கிற்று. அவர் எழுந்தார். எழும்போது நாற்காலியும் சற்று உடன் எழுந்தது. இருவரும் முகத்துக்கு முகம் நின்ற அந்தக் கணத்தில், வேலையிலிருந்து திரும்பிய மருமகள் கைப்பையை மேசைமேல் வைத்துவிட்டு இருவருக்கும் நடுவே வந்து நின்றாள்.

"ரெண்டு பேரும் கொஞ்சம் நிறுத்துங்க. ஞாயித்துக்கிழமை ஒரு டெஸ்ட் வெச்சுடலாம். யாரோட இதயம் நல்லா ஈடு குடுக்குதோ, அவங்க போகட்டும்."

"என்ன டெஸ்ட்?" என்று இரு தரப்பும் ஒரே குரலில் வினவின.

"உழைக்கறப்போ உடம்பு எவ்வளவு ஆக்சிஜனை எடுத்துக்குதுன்னு சரியா அளக்கணும்னா முகத்துல மாஸ்க் மாட்டி, பெரிய மிஷின்ல ஓட விடணும். வீட்ல அதுக்கு வழியில்ல. ஆனா மூணு நிமிஷம் ஒரே தாளத்துல ஸ்டூல்ல ஏறி இறங்கிட்டு உக்காந்தா, அடுத்த நிமிஷத்துல நாடி எத்தனை அடிக்குதுன்னு எண்ணலாம். நல்லா பழகின இதயம் கம்மியாத்தான் அடிக்கும், சீக்கிரமா அடங்கிடும். அத வெச்சு ஒரு மாதிரி கணிச்சிடலாம். சும்மா ஒரு மதிப்பீடுதான், அதையே வேதமா எடுத்துக்கக் கூடாது."

கடைசியில் அவள் சொன்ன அந்த எச்சரிக்கை, போர்முரசின் ஓசையில் அமுங்கிய புல்லாங்குழலைப்போல், இரண்டு வீரர்களின் காதிலும் விழவேயில்லை.

அன்று தொட்டுப் பிழைதிருத்தியார் தவம் மேற்கொண்டார். வைகறையில் கண்விழித்ததும் கட்டிலைவிட்டு அசையாமல் கிடந்து, இடக்கை மணிக்கட்டில் வலக்கை விரல்களை ஊன்றி, சுவர்க்கடிகாரத்தின் வினாடிமுள்ளைச் சாட்சியாக வைத்துத் தம் நாடியை எண்ணலானார். இதயத்தின் இயல்பை அவர் அப்போதுதான் அறிந்தார். அதுவரை கன்றுக்குட்டியைப்போல் தன்போக்கில் நடந்துகொண்டிருந்தது, எண்ணப்படுகிறோம் என்று உணர்ந்த மாத்திரத்தில், மேலதிகாரி பின்னால் வந்து நின்றதைக் கண்ட குமாஸ்தாவைப்போல் பரபரத்தது. எண்ணினார், எழுபத்தெட்டு. இது கூடுதலோ என்று கவன்றார், கவலை தீர மறுபடி எண்ணினார், எண்பத்து நான்கு. ஐயோ என்று மூன்றாம் முறை எண்ணினார், தொண்ணூற்றொன்று.

"காலங்காத்தால கையப் புடிச்சுக்கிட்டு என்னங்க மொணமொணன்னு?" என்று பக்கத்திலிருந்து மனைவியின் குரல் எழுந்தது.

"பேசாத. எண்ணிக்கை விட்டுப்போச்சு."

"எனக்கு எத்தனைன்னு பாருங்க" என்று அந்த அம்மையார் அரைத்தூக்கத்திலேயே கையை நீட்டினார். ஐம்பத்தெட்டு! பிழைதிருத்தியார் பொறாமையால் பொருமினார். ஆயினும் அது தவத்தால் வந்த வரமன்று, பிரஷர் மாத்திரையால் வந்தது என்பதை அவர் அறிவார். தினமும் இருவேளை அந்தச் சின்ன வெள்ளை மாத்திரையை விழுங்குகிறவரின் நாடி எளிதில் ஏறாது என்று டாக்டரே சொல்லியிருந்தார். அடுப்பில் பால் பொங்கி வழிந்தபோதும், மகன் முந்தைய வேலையை விட்டுவிட்டேன் என்று போனில் சொன்னபோதும், கொண்டவர் வாய்க்கு வந்தபடி கத்தியபோதும், அந்த நாடி எழுபதைக்கூட எட்டிப் பார்த்ததில்லை.

தவத்தின் இரண்டாம் பகுதி படியேற்றம். நாளிதழ் வாங்கவும், பின்னர் வாங்க மறந்த தீப்பெட்டியை வாங்கவும், பின்னர் வாங்கவேண்டிய எதுவுமில்லாமலும் அவர் இறங்கினார், ஏறினார். அலைகடலின்மேல் புயற்காற்று புகுந்ததுபோல் அவருடைய மூச்சு அந்தப் படிக்கட்டெங்கும் இரைந்தது. ஒருநாள் கைப்பிடிக் கம்பியைத் தழுவியபடி அவர் நின்ற நிலையைக் கண்டு, குடித்தனக்காரப் பெண்ணொருத்தி கதவைத் திறந்து, "தண்ணி கொண்டு வரவா சார்?" என்றாள். "வேணாம்மா, சும்மா காத்து வாங்குறேன்" என்று, காற்றே நுழையாத அந்த இடத்தில் நின்று நம் தலைவர் விடையிறுத்தார்.

ஞாயிறும் விடிந்தது. கூடமே களமாயிற்று. நாற்காலிகள் புறமுதுகிட்டுச் சுவரோரம் ஒதுங்கின. சமையலறைப் பரணை எட்டுவதற்கென்றே பிறவி எடுத்த குட்டை ஸ்டூல், ஆடாமல் நிற்க ஒரு காலின் கீழ் மடித்த காகிதம் செருகப்பட்டு, நடுக்களத்தில் நிறுத்தப்பட்டது. மருமகளின் கைபேசி டக், டக், டக், டக் என்று தாளப்பறை கொட்டியது. போர் தொடங்குமுன் வீரர்கள் இருவரும் உறுதிமொழி கூறவேண்டும் என்பது மருத்துவத் தருமம்.

"மாமா, காலையிலேருந்து காபி எதுவும் குடிக்கலையே? காபி குடிச்சா நாடி ஏறும்."

"சேச்சே, தொடவேயில்லம்மா" என்றார் பிழைதிருத்தியார். பதற்றம் தணிப்பதற்காகச் சென்ற காபிகள் அந்நேரம் அவருடைய வயிற்றுக்குள் அணிவகுத்து நின்றுகொண்டிருந்தன.

"அப்பா, நீங்க மாத்திரை எதாவது சாப்பிடுறீங்களா?"

"எனக்கெதுக்கும்மா மாத்திரை!" என்று சர்வேயர் சிரித்தார், சட்டைப்பையை ஒருமுறை தடவிக்கொண்டார்.

முதலில் களம் புகுந்தவர் சர்வேயரே. வேட்டியை மடித்துக்கட்டி, காடளந்த கால்களை ஸ்டூலின்மேல் வைத்து, அவர் ஏறினார், இறங்கினார், இறங்கினார், ஏறினார், கடிகாரத்தின் ஊசலும் நாணும்படி ஏறி இறங்கினார். முகம் மட்டும் சற்றே வெளிறியிருந்தது. அதை வெற்றியின் ஒளி என்றே எல்லோரும் கொண்டனர். அமர்ந்ததும் மகள் மணிக்கட்டைப் பற்றி எண்ணினாள். எண்பத்தெட்டு.

"அப்பா! உங்க வயசுக்கு இது ரொம்ப நல்ல நம்பர்ப்பா!" என்று அவள் முகமெல்லாம் மலர்ந்தாள். அவளை அப்படி மலரக் கண்டு சர்வேயர் ஏனோ ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அடுத்து எழுந்தார் பிழைதிருத்தியார். கீழ்த்திசையை நோக்கி ஒரு கணம் நின்றார். அது குளிர்சாதனப் பெட்டி இருந்த திசை. பின்னர்த் தாளம் பிறந்தது, தலைவர் ஏறினார். முதல் நிமிடத்தில் அவர் சிங்கமாயிருந்தார். இரண்டாம் நிமிடத்தில், சேற்றில் தேர் இழுக்கும் எருதாயினார். மூன்றாம் நிமிடத்தில், தாத்தா தனக்காகவே ஏதோ விளையாட்டுக் காட்டுகிறார் என்று களிகொண்ட பேத்தி பாய்ந்தோடி வந்து அவருடைய வலக்காலைக் கட்டிக்கொண்டு, "தூக்கு!" என்றாள். தாளம் தப்பியது, மூச்சு தப்பியது, ஸ்டூலின் காலடிக் காகிதம் நழுவியது. குழந்தையை ஒரு கையால் தூக்கி, மறுகையால் சுவரைப் பற்றி, எஞ்சிய படிகளை அவர் எப்படி ஏறினார் என்பதைச் சுவரில் பதிந்த வியர்வைக் கைச்சுவடு மட்டுமே அறியும். கைபேசியின் மணி அடித்தது, நாற்காலியில் சரிந்தார். விலாக்கூட்டுக்குள் ஆயிரம் குதிரைகள் லாயத்தை உடைத்துக்கொண்டு ஓடின.

மருமகள் எண்ணினாள். நூற்று முப்பத்தொன்று.

கைபேசியில் வயதுவாரியான அட்டவணையைத் திறந்தாள், பார்த்தாள், மூடினாள். "பரவாயில்ல மாமா. நடுவுல இவ வேற வந்து புடிச்சுட்டா. நீங்க தினம் கொஞ்சம் நடந்தா சரியாயிடும்" என்றாள். கேலி செய்திருந்தால் தாங்கியிருப்பார். அவள் காட்டிய அந்தக் கனிவுதான் கேடயத்தைப் பிளந்து நெஞ்சில் பாய்ந்தது. தோற்ற தலைவர், துண்டால் முகத்தைத் துடைத்தபடி, தம் மானத்தை உலர்த்துவதற்குத் தனியிடம் நாடி, துணி காயும் பால்கனிக்கு நடந்தார்.

அங்கே, ஈரப் படுக்கைவிரிப்புக்குப் பின்னால், வென்ற வீரர் முதுகு காட்டி நின்றார். ஒரு மாத்திரை அட்டையைப் பிதுக்கிக்கொண்டிருந்தார். சின்ன வெள்ளை மாத்திரை. பிழைதிருத்தியார் நாள்தோறும் இருவேளை தம் மனைவிக்குத் தண்ணீரோடு எடுத்துக் கொடுக்கும் அதே மாத்திரை. அந்த அட்டையின் நீலப் பட்டையைப் பிழைதிருத்தியார் இருட்டிலும் அடையாளம் கண்டுகொள்வார்.

திரும்பிய சர்வேயர் அவரைக் கண்டார். இருவருக்கும் நடுவே படுக்கைவிரிப்பு மட்டும் காற்றில் அசைந்தது.

"எத்தனை நாளா சம்பந்தி?"

"மூணு மாசமா." சர்வேயரின் குரலில் முழக்கமில்லை. "கடைத்தெருவுல ஒருநாள் நெஞ்சை அடைச்சுது. டாக்டர் இதைக் குடுத்தாரு. எம்பொண்ணுக்குத் தெரியாது."

"தினமும் மூச்சே வாங்கலைன்னு சொல்வீங்களே?"

"உங்க கதவுக்கு வெளியில நின்னு, மூச்ச ஆத்திக்கிட்டுத்தான் பெல் அடிப்பேன்."

ஆகா, வெற்றித்திருமகள் படுக்கைவிரிப்பை விலக்கிக்கொண்டு பிழைதிருத்தியாரின் கையில் வந்து அமர்ந்தாள்! கூடத்துக்குள் சென்று ஒரு சொல் உரைத்தால் போதும்; எண்பத்தெட்டு என்னும் அந்த மணிமுடி மண்ணில் உருளும். முப்பது ஆண்டுகள் பிறர் பிழையைக் கண்டுபிடித்தே சோறுண்டவருக்கு, இதைவிடச் சிவப்பு மையால் சுழிக்கத்தக்க பிழை இதுவரை வாய்த்ததில்லை. அவர் வாயைத் திறந்தும்விட்டார்.

"அந்த வீட்ல பேச ஆளில்ல சம்பந்தி" என்றார் சர்வேயர், மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டே. "சாயங்காலம் இங்க வரலாம்னுதான் காலையில எழுந்திரிக்கிறதே. மத்தியானமும் அவளோட இருக்கலாமேன்னு நெனச்சேன். இது தெரிஞ்சா எம்பொண்ணு புள்ளையத் தொடவே விடமாட்டா."

திறந்த வாயைப் பிழைதிருத்தியார் மூடினார். கையை நீட்டி, துணி காயும் கம்பியில் நேராகவே இருந்த கிளிப்பொன்றைச் சரிசெய்தார். அது தேவையேயில்லாத வேலை. பிறகு சொன்னார்: "நான் சொல்ல மாட்டேன். நீங்கதான் சொல்லணும். ஆனா நீங்க சொல்லாம புள்ளையத் தூக்க நான் விடமாட்டேன். மாத்திரையப் போடுங்க மொதல்ல. தண்ணி இருக்கா?"

அவரே தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். கொடுத்துவிட்டு, தன் தலையைத் தானே கொய்து வைக்கத் துணிந்த தளபதியைப்போல் கூடத்தின் நடுவே சென்று நின்று, வலக்கையை உயர்த்திப் பறைசாற்றினார்:

"எல்லாரும் கேளுங்க! நான் காபி குடிச்சேன். மூணு காபி. இந்த டெஸ்ட் செல்லாது!"

"நாலு" என்று சமையலறையிலிருந்து மனைவியின் திருத்தம் வந்தது. "நாலாவது டம்ளரைக் கழுவினது நான்தான்."

மருமகள் சிரித்துவிட்டாள். சிரித்துக்கொண்டே திரும்பியவள், பால்கனி வாசலில் மாத்திரை அட்டையைக் கையில் ஏந்தி நின்ற தந்தையைக் கண்டாள். சிரிப்பு நின்றது.

"என்னோடதும் செல்லாதும்மா" என்றார் சர்வேயர்.

அவள் அட்டையை வாங்கிப் பார்த்தாள். சற்றுமுன் இரு வீரர்கள் ஏறி மிதித்த அந்த ஸ்டூலின்மேலேயே உட்கார்ந்துவிட்டாள். "இதப் போட்டா நாடி ஏறவே ஏறாதுப்பா. எண்பத்தெட்டுன்னு நான் எவ்ளோ சந்தோஷப்பட்டேன் தெரியுமா? மூணு நிமிஷம் உங்கள ஏற விட்டுட்டேனே. எதாவது ஆயிருந்தா?" என்றாள். அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "எங்கிட்ட ஏம்ப்பா சொல்லல?" என்றாள்.

சர்வேயர் நிலத்தை அளந்துகொண்டு நின்றார். "நீ புள்ளைய விட்டு விலக்கிடுவேன்னு பயந்துட்டாரும்மா. வேற ஒண்ணுமில்ல" என்று மாற்றான் சார்பில் மொழிந்தவர் பிழைதிருத்தியார்தான். மருமகள் எழுந்து, தந்தையின் மணிக்கட்டைப் பற்றினாள். இம்முறை எண்ணுவதற்காகப் பற்றவில்லை. எண்ணியிருந்தால் ஒரு நிமிடத்தில் விட்டிருப்பாள்.

மறுநாள் அவளே விடுப்பெடுத்து, தந்தையை டாக்டரிடம் அழைத்துச் சென்றாள். நெஞ்சில் கம்பிகளை ஒட்டியும், படத்தில் பார்த்தும், கேட்டும் ஆராய்ந்த டாக்டர், மாத்திரையை விடாமல் சாப்பிட வேண்டும், மெதுவாகப் படியேறலாம், எதையும் யாரையும் தூக்கக் கூடாது என்று தீர்ப்பளித்தார். மாலையில் மருமகள் கூடத்தில் நின்று இறுதி ஆணையை அறிவித்தாள்: "ரெண்டு பேரும் சேந்து போங்க. ஒருத்தருக்கு மூச்சு வாங்கினா இன்னொருத்தர் நிக்கணும். ரெண்டு பேருமே தூக்கக் கூடாது. மாமா, உங்களுக்குந்தான். அவ நடக்கட்டும், காலு இருக்குல்ல."

பள்ளி தொடங்கிய நாளின் நண்பகலும் வந்தது. எழுத்தெல்லாம் திருத்தியவர் ஒருபுறமும், நிலமெல்லாம் அளந்தவர் மறுபுறமும் படைத்துணையாய் வர, இருவருடைய சுண்டுவிரல்களையும் இரு கடிவாளங்களாய்ப் பற்றி, சின்னஞ்சிறு புத்தகப்பை முதுகில் அம்பறாத்தூணியாய் ஆட, நடுவே வெற்றியரசியாய் நடந்துவந்த பேத்தி, படிக்கட்டின் அடியில் நின்று, இரு கைகளையும் மேலே நீட்டி ஆணையிட்டாள். விண்ணோர் மூச்சடக்கினர். இரு பெருவீரரும் ஒருவர் முகத்தை ஒருவர் நோக்கினர்; ஒருவரும் குனியவில்லை. அரசி உதட்டைப் பிதுக்கினாள். அழுகையின் வாயில்வரை சென்றாள். அங்கிருந்து திரும்பிப் பார்த்து இரங்குவாரில்லையெனக் கண்டாள். மூக்கை ஒருமுறை உறிஞ்சிவிட்டு, வலக்காலைத் தூக்கி முதற்படியில் வைத்தாள். மலைமுகட்டை நோக்கிப் புறப்பட்ட மாபெரும் சேனையைப்போல் அம்மூவரும், ஒரு படிக்கு இரண்டு மூச்சும் இரண்டு படிக்கு ஒரு நிற்றலுமாக, மேலே மேலே எழுந்தனர். எழுந்து, முதல் மாடியை வென்று, இரண்டாம் மாடியை நோக்கிக் கண்சிவந்து, கால்கடுத்து, நெஞ்சம் முரசறையச் சென்றனர்.

இரண்டாவது மாடியில் மூன்று பேரும் படியில் உட்கார்ந்து பிஸ்கட் சாப்பிட்டார்கள்.